எட்டேகால் வண்டியில் போகிறவர்கள் தோற்றவர்கள் அல்லர்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி எத்தனையோ பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஆண்டு விழாக் காலம் வந்துவிட்டால் அநேகமாக எல்லா மேடையிலும் ஒரே பேச்சுதான். பேச வருகிறவர் நல்ல வேலை ஒன்றை உதறிவிட்டு வந்தவராக இருப்பார். மாதச் சம்பளம் ஒரு போதை என்பார். ஒன்பது மணிக்குப் போய் ஆறு மணிக்குத் திரும்புகிறவன் அடுத்தவன் கனவுக்கு உழைக்கிற அடிமை என்பார். மனத்துக்குப் பிடித்த வேலை கிடைக்கும்வரை எதிலும் நிலைத்துவிடாதே என்று முடிப்பார். அரங்கம் அதிரும். கைதட்டுகிற மாணவரின் அப்பா அந்த நேரத்தில் தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்துகொண்டிருக்கலாம். அம்மா குரோம்பேட்டையில் ஏதோ ஒரு ஜவுளிக்கடையில் காலையிலிருந்து நின்றபடி புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கலாம். மேடையில் போதை என்று பழிக்கப்பட்ட அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளைக்கு செமஸ்டர் கட்டணம் கட்டப்பட்டிருக்கும்.

இந்தப் பேச்சு இன்று நேற்று வந்ததல்ல. 2005-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஆற்றிய உரை இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. 2012-இல் ஷங்கரின் 'நண்பன்' படம், பொறியியலை விட்டுக் காட்டுயிர்ப் படக்கலைக்குப் போகிற ஒரு மகனைக் காட்டித் தமிழ்க் குடும்பங்களையும் அழவைத்தது. பிறக்கும்போதே ஒவ்வொருவருக்கும் ஒரு கனவு வேலை விதிக்கப்பட்டிருக்கிறது. அன்றாட வேலை அதைப் புதைக்கிற குழி. துணிந்தவர் வெளியே வருகிறார், கோழை உள்ளேயே கிடக்கிறார் என்பதுதான் இந்த நம்பிக்கையின் சாரம். இதில் ஒரு வரிகூட நிற்காது. அதைக் காட்ட கலிஃபோர்னியா வரை போக வேண்டியதில்லை. நம் புறநகர் ரயிலில் ஏறி அடுத்தடுத்த சில நிலையங்களில் இறங்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

முதலில் குரோம்பேட்டை. 1949-இல் தொடங்கப்பட்ட எம்.ஐ.டி. எனும் மெட்ராஸ் தொழில்நுட்பக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. அதன் மிகப் புகழ்பெற்ற மாணவர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். கனவைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் பின்திரையில் அவர் படம் இருக்கும். ஆனால் அவரே 'அக்னிச் சிறகுகள்' நூலில் எழுதியதை மேடைகள் பாதியோடு நிறுத்திவிடுகின்றன. கல்லூரியில் சேரும் பணத்துக்காக அக்கா ஜொகரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். வளாகத்தில் நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்கள் கலாமை ஈர்த்தன. விமானப் படையில் விமானியாக வேண்டும் என்பதே அவர் கண்ட கனவு. டேராடூனில் நடந்த தேர்வில் 25 பேரில் அவருக்கு 9-ஆம் இடம். எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் எட்டுப் பேர். ஓர் இட வித்தியாசத்தில் கனவு முடிந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் பாடம். இன்னொரு நேர்காணலில் கிடைத்த வேலையில், பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்ப இயக்குநரகத்தில், மாதம் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்துக்கு 1958-இல் சேர்ந்தார். முதுநிலை அறிவியல் உதவியாளர் என்பது பதவியின் பெயர். எந்த ஊக்கப் பேச்சாளரும் இதைக் கனவு வேலை என்று சொல்லமாட்டார். 'ராக்கெட் அவருடைய கனவாகத்தானே இருந்தது' என்று இங்கே பதில் வரும். அப்போது இந்தியாவில் ராக்கெட் திட்டமே கிடையாது. தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் எழும்பியது 1963 நவம்பர் 21 அன்று. இல்லாத வேலையை 1958-இல் ஒருவர் எப்படிக் கனவு கண்டிருக்க முடியும்? கிடைத்த வேலையில் கை பழகியது, கை பழகியதில் ஆர்வம் பிறந்தது, ஆர்வம் அடுத்த வேலைக்குக் கொண்டுபோனது. வரிசை இதுதான். மேடையில் இதையே தலைகீழாகச் சொல்கிறார்கள்.

2018-இல் பால் ஓகீஃப், கரோல் டுவெக், கிரெகரி வால்டன் ஆகிய உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. ஆர்வம் என்பது உள்ளே ஏற்கெனவே இருக்கிறது, தேடிக் கண்டுபிடித்தால் போதும் என்று நம்புகிறவர்கள், ஒரு துறை கடினமானவுடன் இது நமக்கானதல்ல என்று சீக்கிரமே கைவிடுகிறார்கள். ஆர்வத்தை வளர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள். தேடு, தேடு என்று இருபது வயதுப் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வது அவர்களைப் பாதியில் விடப் பழக்குவதுதான்.

அதே எம்.ஐ.டி.யில் அதே காலத்தில் படித்த இன்னொருவர் எஸ். ரங்கராஜன். அவரை சுஜாதா என்று சொன்னால்தான் தமிழ் வாசகருக்குத் தெரியும். முதலில் விமானப் போக்குவரத்துத் துறையிலும், பிறகு பெங்களூருவில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திலும் ஓய்வு பெறும்வரை உத்தியோகம் பார்த்தார். இன்று இந்தியா முழுக்க வாக்களிக்கப் பயன்படும் மின்னணு இயந்திரத்தை உருவாக்கிய குழுவில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த வேலை நாள்களுக்கு இடையேதான் வாரப் பத்திரிகைகளில் தொடர்கதைகள், சிறுகதைகள், நாடகங்கள், அறிவியல் கட்டுரைகள் என்று எழுதிக் குவித்தார். உத்தியோகத்தை விட்டிருந்தால் இன்னும் சிறப்பாக எழுதியிருப்பார் என்று யாராவது வாதிடலாம். கணினி, மின்னணுவியல், விமான நிலையம், அலுவலக அரசியல் எல்லாம் அவர் கதைகளுக்குள் எங்கிருந்து வந்தன? உத்தியோகத்திலிருந்துதானே?

தமிழ் இலக்கியத்தின் மற்ற பெயர்களையும் பார்க்கலாம். நாஞ்சில் நாடன் ஒரு தனியார் நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராகச் சுற்றியவர். வண்ணதாசன் வங்கி ஊழியராக இருந்தவர். பூமணி கூட்டுறவுத் துறை அதிகாரியாக இருந்தவர். இமையம் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். நால்வரும் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்கள். மாறாக, 1966-இல் ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்டு முழுநேர எழுத்தாளராகத் துணிந்த அசோகமித்திரன் நெடுங்காலம் பணக்கஷ்டத்தோடு எழுதினார். அவருடைய மேதைமை அந்தக் கஷ்டத்தால் வந்ததல்ல. அதையும் மீறி நின்றது. சினிமா உலகைப் பற்றிய 'கரைந்த நிழல்கள்' நாவலுக்கு அவர் விட்டு வந்த அந்த ஸ்டூடியோ வேலையே அனுபவம் கொடுத்தது.

அடுத்தது பல்லாவரம். 1863 மே 30 அன்று அங்கே, கன்டோன்மென்ட் அணிவகுப்புத் திடலில் சரளை தோண்டிய குழி ஒன்றில், ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தார்கள் என்பதற்கு அறிவியல் முறையில் அறியப்பட்ட முதல் சான்று அதுதான். ஃபூட் தொல்லியலாளர் அல்லர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் 1858-இல் சேர்ந்த ஊழியர். பாறைகளையும் மண்ணடுக்குகளையும் அளந்து வரைபடம் போடுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அந்த வேலைக்காகத் தென்னிந்தியா முழுக்க நடந்தபோதுதான், பிற்பாடு சென்னை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்த கருவிகளில் பலவற்றைச் சேகரித்தார். உத்தியோகம் நடக்கச் சொன்ன பாதையில் ஒரு வாழ்நாள் ஆர்வம் கிடைத்தது. ராஜினாமா எழுதிவிட்டுத் தேடப் போயிருந்தால் பல்லாவரத்துக் குழிக்குள் எட்டிப் பார்க்க அவருக்கு என்ன காரணம் இருந்திருக்கும்?

தாம்பரத்தில் இறங்கினால் 1937-இல் ஊருக்குள்ளிருந்து இங்கே இடம் மாறி வந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. அங்கே கிஃப்ட் சிரோமணி என்ற பேராசிரியர் இருந்தார். கணிதமும் புள்ளியியலும் கற்பித்தார், 1988-இல் காலமானார். சம்பளத்துக்கு அவர் செய்தது, பாடத்திட்டப்படி வகுப்பெடுத்து, தேர்வு வைத்து, விடைத்தாள் திருத்துவது. அந்த வேலைக்கு உள்ளேயும் பக்கத்திலுமாக அவர் போன இடங்கள் வியப்பூட்டும். மாமல்லபுரச் சிற்பங்களில் உள்ள ஆடை அணிகலன்களைக் கணக்கெடுத்தார். பழைய தமிழ்க் கல்வெட்டெழுத்துகளின் வளர்ச்சியையும் சிந்துவெளிக் குறியீடுகளையும் ஆராய்ந்தார். ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோரோடு சேர்ந்து 1974-இல், வாசலில் போடும் கோலங்களைக் கணினி அறிவியலின் வடிவ இலக்கணமாக எழுதிக் காட்டினார். உலகம் முழுக்கக் கணினி அறிஞர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிற ஆய்வு அது. கோல ஆராய்ச்சியாளர் என்று ஒரு வேலை எந்த நாளிதழ் விளம்பரத்திலும் வந்ததில்லை. மாதம் தவறாமல் சம்பளமும் கோடை விடுமுறையும் நூலகமும் பக்கத்து அறையில் பேச ஆளும் கொடுத்த ஓர் ஆசிரியர் வேலைதான் அதைச் சாத்தியமாக்கியது.

கணித மேதை ராமானுஜனை யாராவது எடுத்துக்காட்டுவார்கள் என்பது தெரிந்ததுதான். துறைமுக அலுவலகத்தில் அவர் வீணடிக்கப்பட்டார் என்பது பழைய புலம்பல். 1912 மார்ச்சில் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு அங்கே குமாஸ்தாவாகச் சேர்வதற்கு முன்புதான் அவர் பட்டினியும் அலைச்சலுமாக இருந்தார். அலுவலகத்தில் மேலதிகாரி எஸ். நாராயண ஐயரே கணிதம் தெரிந்தவர். தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் துணை நின்றார். கேம்பிரிட்ஜின் ஹார்டிக்கு 1913 ஜனவரியில் புகழ்பெற்ற முதல் கடிதத்தை எழுதியபோது ராமானுஜன் அந்தத் துறைமுகக் குமாஸ்தாதான். அதே ஆண்டு அவர் அந்த மேசையை விட்டுப் போனது உண்மை. ஆனால் வெறுங்கையோடு போகவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்த பிறகு போனார்.

இதற்கெல்லாம் ஒரு மறுமொழி உண்டு, அது நியாயமானதும்கூட. இவர்களெல்லாம் படித்தவர்கள், பெரும்பாலும் அரசு அல்லது பெரிய நிறுவன உத்தியோகம் பார்த்தவர்கள்; பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கிறவருக்குக் கோலத்தில் இலக்கணம் தேட நேரம் ஏது? சரியான கேள்வி. இந்தக் கட்டுரை எழுப்ப விரும்பும் கேள்வியும் அதுதான். கனவைக் கொல்வது வேலை என்ற ஒன்றல்ல. கொல்வது நீளும் நேரம், போதாத கூலி, நாளைக்கு இருக்குமா என்று தெரியாத கான்ட்ராக்ட். உட்காரக்கூட விடாத முதலாளியும் கொல்கிறார். சிரோமணிக்கும் சுஜாதாவுக்கும் கிடைத்த நிதானமான மாலை நேரம் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்பதுதான் அறம். வேலையை விட்டு வா என்று கூப்பிடுகிற பேச்சாளர் இந்தக் கோரிக்கையையே பேச்சிலிருந்து எடுத்துவிடுகிறார். நிலைமையை மாற்று என்று சொல்ல வேண்டிய இடத்தில் உன்னை மாற்று என்கிறார்.

நேரம் கிடைத்தால் சாதாரண மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கும் இந்தப் பகுதியிலேயே சாட்சி இருக்கிறது. 2019 வறட்சியில் சிட்லபாக்கம் ஏரி காய்ந்து கிடந்தபோது, அதைச் சுத்தம் செய்யக் குடியிருப்போர் விடுமுறை நாள்களில் இறங்கினார்கள். மற்ற நாள்களில் வேலைக்குப் போகிற மக்கள்தான். அவர்கள் கொடுத்த அழுத்தத்துக்குப் பிறகு ஏரிச் சீரமைப்புக்கு அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஏரியைக் காப்பாற்ற யாரும் ராஜினாமா செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று அவர்களுக்கு இருந்தது.

இன்னொரு மறுமொழியை இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும். கிடைத்த வேலையில் நில் என்று சொல்வது, அப்பன் தொழிலையே செய் என்று சொன்ன பழைய ஆணையின் மறுவடிவம் இல்லையா? 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைத் தமிழ்நாடு குலக்கல்வித் திட்டம் என்று அடையாளம் கண்டு எதிர்த்தது; காமராஜர் முதல்வரானதும் 1954-இல் அது கைவிடப்பட்டது. அந்தப் போராட்டத்தின் பயனை ஒரு துளிகூட விட்டுக்கொடுக்கக் கூடாது. எந்த வேலைக்கும் எந்தப் பிள்ளையும் போகலாம் என்பது உரிமை. ஆனால் போன வேலையைக் காதலித்தே தீர வேண்டும், காதலிக்காவிட்டால் உன் வாழ்க்கை வீண் என்பது உரிமை அல்ல, புதிய சுமை. அந்தச் சுமை யார் தலையில் ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவருக்கு மேசையும் மின்விசிறியும் மாதச் சம்பளமும் உள்ள வேலை மூன்று தலைமுறை ஏங்கிய கனவு. 2024 ஜூனில் நடந்த டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு, அறிவிப்பில் இருந்த 6,244 இடங்களுக்கு, 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர். மேடைப் பேச்சு எதைக் கூண்டு என்கிறதோ, அதன் கதவுக்கு முன் இத்தனை லட்சம் பேர் வரிசையில் நிற்கிறார்கள். இவர்கள் எல்லாருக்கும் கனவே இல்லை என்று சொல்லும் துணிச்சல் யாருக்கு இருக்கிறது?

வேலையை விட்டு வென்றவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். விஜய் சேதுபதி துபாயில் கணக்காளர் வேலை பார்த்தவர் என்பதை எல்லாப் பேச்சாளரும் சொல்வார்கள். ஊர் திரும்பிய பிறகு கூத்துப்பட்டறை நாடகக் குழுவுக்குள் அவர் நுழைந்ததே கணக்காளராகத்தான் என்பதைச் சொல்லமாட்டார்கள். நடிப்பை அருகிலிருந்து பார்க்க அவருக்கு இடம் கொடுத்தது கணக்குப் புத்தகம். வென்ற ஒருவரை மேடையேற்றலாம். வடபழனியிலும் சாலிகிராமத்திலும் உதவி இயக்குநர் என்ற பெயரில் சம்பளம் இல்லாமல், பேட்டா வந்தால் வந்தது என்று, முப்பதுகளைத் தொலைத்தவர்களை யார் மேடையேற்றுகிறார்கள்?

இந்த இடத்தில்தான் கனவுப் பேச்சு வெறும் தவறு என்பதிலிருந்து தீங்கு என்ற இடத்துக்குப் போகிறது. பிடித்துச் செய்கிற வேலைக்குக் கூலி எதற்கு என்ற மனப்பான்மை அதிலிருந்தே வருகிறது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட குழு 2020-இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. ஒருவர் தன் வேலையை ஆசையோடு செய்கிறார் என்று தெரிந்தால், அவரைக் கூடுதல் நேரம் கூலியில்லாமல் வேலை வாங்குவதும், அவர் வேலைக்குச் சம்பந்தமில்லாத எடுபிடிகளைச் செய்யச் சொல்வதும் நியாயம்தான் என்று மற்றவர்கள் எளிதில் ஒப்புக்கொண்டார்கள். ஓ.எம்.ஆர். சாலையின் புதுக் கம்பெனிகளில் இரவு பதினொரு மணிக்கும் விளக்கு எரிவதைப் பெருமையாகப் பேசுகிறவர்கள், அந்த நேரத்துக்கு ஓவர்டைம் கொடுக்கப்பட்டதா என்று கேட்பதில்லை. இது உன் கனவு என்று சொல்லிவிட்டால் கேள்வி அடங்கிவிடுகிறது.

அன்றாட வேலைக்காரர்கள் தங்கள் வேலையை எப்படி மதிக்கிறார்கள் என்பதற்கு அண்மைக் காலச் சான்றுகளே போதும். மறைமலை நகர் ஃபோர்டு ஆலை மூடப்படும் என்று 2021 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது; 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளியேறியது. நியாயமான இழப்பீடு கேட்டு அங்கே தொழிலாளர்கள் உற்பத்தியை நிறுத்தி உட்கார்ந்தார்கள். 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் மண்டலங்கள் தனியாருக்குக் கொடுக்கப்பட்டதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் நாள்கணக்கில் அமர்ந்தார்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. குப்பை அள்ளுவதை யாரும் சின்ன வயதில் கனவு கண்டிருக்கமாட்டார்கள். அந்த வேலைக்கு மரியாதையும் நிலையான சம்பளமும் வேண்டும் என்று வெயிலிலும் மழையிலும் அவர்கள் போராடியதில், பத்து ஊக்கப் பேச்சில் இருப்பதைவிட அதிகத் துணிவு இருந்தது.

1923 மே 1 அன்று தொழிற்சங்க முன்னோடி சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். அதற்கு நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. சில நாள்களில் நிறுத்திவைக்கப்பட்டது. அந்த ஆண்டு மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் தங்கள் மாலை நேரத்தை இழக்காமல் காப்பாற்றிக்கொண்டது அப்படித்தான். அந்த மாலை நேரம் இருந்தால் ஒருவர் பறை கற்கலாம், செஸ் ஆடலாம், கதை எழுதலாம், பிள்ளையோடு விளையாடலாம், எதுவும் செய்யாமல் மொட்டை மாடியில் உட்காரலாம். எதைச் செய்கிறார் என்று கணக்குக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து, டிபன் டப்பாவும் சீசன் டிக்கெட்டுமாகக் காலை வண்டியைப் பிடித்தவர்களின் சம்பளத்தில்தான் குரோம்பேட்டையும் செலையூரும் சிட்லபாக்கமும் வீடு வீடாக எழுந்தன. அவர்களைத் தோற்றவர்கள் என்று அவர்களுடைய பிள்ளைகளிடமே சொல்வதைக் கல்லூரி நிர்வாகங்கள் நிறுத்த வேண்டும். அடுத்த ஆண்டு விழாவுக்குத் தொழிலாளர் துறையிலிருந்து ஒருவரையும் அழையுங்கள். நியமன ஆணையில் எதைப் படித்துப் பார்க்க வேண்டும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் எப்படிச் சரிபார்ப்பது, எத்தனை மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று ஒரு மணி நேரம் அவர் பேசட்டும்.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. ஜி.எஸ்.டி. சாலையில் அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது, விற்பனைப் பெண்ணுக்குப் பின்னால் நாற்காலி இருக்கிறதா, அதில் உட்கார அவரை விடுகிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் கடை மேலாளரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் தொழிலாளர் துறைக்கு எழுதுங்கள்.